குறும்படம் எடுக்க எந்த கேமரா? திருப்பதி வெயிலும் கங்கம்மா ஜாத்திரையும் சொல்லும் கணக்கு

ஐபோனைப் பயன்படுத்தும் இடத்தின் வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்கிறது ஆப்பிள். சோனி, கேனான் கேமராக்களில் பெரும்பாலானவற்றின் கையேட்டில் இந்த எல்லை 40 டிகிரி. மே மாதத் திருப்பதியில் நண்பகல் வெயில் முதல் எண்ணை சர்வசாதாரணமாகத் தாண்டும். பல நாட்களில் இரண்டாவதையும் தாண்டும்.

சரியாக அந்த மே மாதத்தில்தான் திருப்பதி தாத்தையகுண்டா கங்கம்மா ஜாத்திரை நடக்கிறது. ஒரு வாரம், தினம் ஒரு வேஷம், தெருவெல்லாம் கூட்டம். 'புஷ்பா 2' பார்த்துவிட்டு அதை ஒரு குறும்படமாகவோ ஆவணப்படமாகவோ எடுக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் நிறைய பேர். நீங்களும் அதில் ஒருவராக இருக்கலாம். ஸ்ரீசிட்டியில் ஷிஃப்ட், சென்னையில் ஐடி வேலை, சொந்த ஊர் சித்தூர், கையில் கொஞ்சம் சேமிப்பு. இரவில் படுத்துக்கொண்டு கேமரா ரிவ்யூ வீடியோக்களாகப் பார்க்கிறீர்கள். அந்த ரிவ்யூக்களில் பாதிக்கு மேல் 20 டிகிரி குளிரில், ஏதோ ஓர் ஐரோப்பிய நகரத்தின் காபி கடை வாசலில் எடுத்தவை. 'நாற்பது நிமிஷம் சூடாகாமல் ஓடிச்சு' என்று அவர் சொல்வது உண்மைதான். அது அவர் ஊரின் உண்மை.

இந்தக் கட்டுரை ஒரு மாடலைக் காட்டி 'இதை வாங்குங்க' என்று சொல்லப் போவதில்லை. உங்கள் கதையில் எடுப்பதற்கே கடினமான காட்சி எதுவோ, அதை வைத்து கேமராவைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பார்க்கப் போகிறோம். சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் அப்படி இரண்டு காட்சிகள் தயாராகவே இருக்கின்றன. ஒன்று, பகல் வெயிலில் கங்கம்மா ஜாத்திரை. இன்னொன்று, விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்து. சித்தூர், புத்தூர், நகரி பக்கம் தர்மராஜா கோயில், திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதக் கதை, இரவில் கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம், தீமிதி என்று போகும். தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் புழங்கும் பகுதி இது. முன்பு சித்தூர் ஒரே மாவட்டமாக இருந்தது. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டம். நிர்வாகம் பிரிந்தாலும் கூத்துக்கு அந்த எல்லை கிடையாது.

முதலில் ஒரு மாயையை உடைப்போம்

'தி கிரியேட்டர்' என்ற ஹாலிவுட் படம் 2023-ல் வந்தது. சுமார் 8 கோடி டாலர் பட்ஜெட். அதை எடுத்தது சோனி எஃப்எக்ஸ்3 என்ற, கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய கேமராவில். 'அப்போ அந்த கேமரா வாங்கினா நம்ம படமும் அப்படி இருக்கும்' என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அந்தப் படக்குழு சின்ன கேமராவை எடுத்ததற்குக் காரணம் இருந்தது. பல நாடுகளில், நிஜமான இடங்களில், குறைந்த வெளிச்சத்தில், குறைவான ஆட்களோடு எடுக்க வேண்டியிருந்தது. கேமரா முன்னால் இருந்த லென்ஸ், பின்னால் இருந்த விஷுவல் எஃபெக்ட்ஸ் இரண்டும் நம் பட்ஜெட்டில் வராது.

நமக்குப் பக்கத்திலேயே இதைவிட நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. 2011-ல் ராம் கோபால் வர்மா தெலுங்கில் 'தொங்கல முட்டா' படத்தை ஐந்தே நாளில், மிகச் சிறிய குழுவோடு, கேனான் 5டி ஸ்டில் கேமராக்களில் எடுத்தார். 2012-ல் பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9'. ஒளிப்பதிவாளர் எஸ்.டி.விஜய் மில்டன் அதை எடுத்தது கேனான் 7டி ஸ்டில் கேமராவில். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. 7டி 2009-ல் வந்த கேமரா. 4கே கிடையாது. இன்று உங்கள் பாக்கெட்டில் இருக்கும் போன், பேப்பரில் அதைவிட எவ்வளவோ மேல். ஆனால் பெரும்பாலும் நடைபாதையிலும் சின்ன வீடுகளிலும் நடக்கிற அந்தக் கதைக்கு, கண்ணில் படாத சின்ன கேமராதான் தேவைப்பட்டது.

இரவுக் கூத்து: சென்சாரா, லென்ஸா?

கூத்து மேடையில் இரண்டு டியூப்லைட், நான்கு எல்இடி பல்பு, மிஞ்சிப் போனால் ஒரு ஃபோகஸ் லைட். 'லோ லைட்டுக்கு ஃபுல் ஃப்ரேம் வேணும்' என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36×24 மில்லிமீட்டர், அதாவது 864 சதுர மி.மீ. சோனியின் ஏபிஎஸ்-சி சென்சார் 23.5×15.6, சுமார் 367 சதுர மி.மீ. பரப்பளவில் 2.4 மடங்கு வித்தியாசம். ஒரே எஃப் எண், ஒரே ஷட்டர் என்றால் ஃபுல் ஃப்ரேமுக்குக் கிடைக்கும் கூடுதல் வெளிச்சமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

இப்போது லென்ஸுக்கு வருவோம். கேமராவோடு சேர்த்துத் தரும் 16-50 கிட் லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் எஃப் 5.6-ல் வந்து நிற்கும். தனியாகக் கிடைக்கும் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் எல்லா கம்பெனியிலும் மலிவான வரிசையில் வருவது. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் எஃப் எண்ணின் வர்க்கத்துக்குத் தலைகீழாகப் போகும். 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 9.7. அதாவது அந்தச் சின்ன லென்ஸ் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது.

பாடியை மாற்ற பெரிய தொகை செலவழித்தால் 2.4 மடங்கு. லென்ஸை மாற்ற அதில் சின்னப் பங்கு செலவழித்தால் பத்து மடங்கு. இந்த ஒரு கணக்கு தெரிந்திருந்தால் பலர் ஃபுல் ஃப்ரேம் பாடியும் கிட் லென்ஸுமாக வாங்கி மாட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். எஃப் 1.8-ல் ஃபோகஸ் கெட்டியாகப் பிடிக்க வேண்டும் என்பது உண்மை. கூத்தாடி சுழன்று ஆடும்போது ஃபோகஸ் நழுவும். எஃப் 2.8-ல் வைத்தால்கூட கிட் லென்ஸைவிட நான்கு மடங்கு வெளிச்சம் கிடைக்கும்.

50 என்ற எண்ணை மறக்காதீர்கள்

இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் சாதாரண எல்இடி பல்பும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். பல போன்களும் கேமராக்களும் நொடிக்கு 30 ஃப்ரேம், 1/60 ஷட்டர் என்ற அமெரிக்க வழக்கத்தில்தான் செட் ஆகி வருகின்றன. அப்படியே கோயில் டியூப்லைட் கீழே எடுத்தால் திரையில் பட்டை பட்டையாக ஓடும். எடிட்டிங்கில் இதைச் சரிசெய்வது பெரும்பாடு.

தீர்வு சுலபம். நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50. கேமரா மெனுவில் பால், என்டிஎஸ்சி என்று இரண்டு இருக்கும், பால் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் செட்டிங்ஸில் கேமரா, ரெக்கார்ட் வீடியோ போனால் பால் ஃபார்மட்டைக் காட்டச் சொல்லும் ஸ்விட்ச் இருக்கிறது. ஷட்டரையும் பூட்ட வேண்டுமென்றால் பிளாக்மேஜிக் கேமரா ஆப் ஐபோனுக்கும், 2024-லிருந்து சில ஆண்ட்ராய்டு போன்களுக்கும் இலவசமாகவே கிடைக்கிறது. வாங்கப் போகும் எந்தக் கருவியிலும் 25 ஃப்ரேமும் 1/50-ம் கையால் வைக்க முடியுமா என்பதுதான் நான் முதலில் பார்ப்பது. முடியாது என்றால் அந்தக் கருவி கூத்துக்கு ஆகாது.

ஒரு எச்சரிக்கை. திருவிழா சீரியல் செட்டுகளும் சில மலிவான எல்இடி பேனல்களும் 50 ஹெர்ட்ஸ் கணக்குக்குக் கட்டுப்படாமல் தங்கள் இஷ்டத்துக்கு மினுக்கும். அவற்றை ஃப்ரேமுக்கு வெளியே தள்ளுவது தவிர பெரிதாக வழியில்லை.

ஜாத்திரை: வெள்ளை, சிவப்பு, கருப்பு

கங்கம்மா ஜாத்திரையில் வேஷம் போடுகிறவர்கள் ஒரு நாள் உடம்பெல்லாம் வெள்ளை பூசி வருவார்கள், ஒரு நாள் குங்குமம், ஒரு நாள் கரி. ஆண்கள் புடவை கட்டி, நகை போட்டு வருவதும் உண்டு. உச்சி வெயிலில் வெள்ளை பூசிய முகமும் கரி பூசிய முகமும் ஒரே ஃப்ரேமில் வந்தால் எந்த கேமராவுக்கும் அது பரீட்சைதான்.

இதில் சிவப்பு ஒரு தனிப் பிரச்சினை. 8-பிட் வீடியோவில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். 10-பிட்டில் 1,024. அதோடு பெரும்பாலான மலிவு கேமராக்களும் போன்களும் 4:2:0 என்ற முறையில் நிறத்தைப் பதிவு செய்கின்றன. நான்கு பிக்சலுக்குச் சேர்த்து ஒரே ஒரு நிறத் தகவல்தான் மிஞ்சும். குங்குமம் பூசிய கன்னத்தின் ஓரம் கரடுமுரடாக, கட்டம் கட்டமாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். கேமராவின் ஹிஸ்டோகிராம் 'எல்லாம் சரி' என்று காட்டும்போதே சிவப்பு மட்டும் எகிறிப்போய் முகத்தின் சுருக்கமெல்லாம் மறைந்துவிடலாம். சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் இருந்தால் அதைப் பாருங்கள். இல்லையா? அரை ஸ்டாப் குறைத்தே எடுங்கள்.

எனவே உங்கள் படம் ஜாத்திரை என்றால் 10-பிட், 4:2:2 இருக்கும் கேமராவுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. சோனி இசட்வி-இ10-ன் முதல் மாடல் 8-பிட்தான். அதன் 2024 வாரிசு 10-பிட். சோனி எஃப்எக்ஸ்30-ம், பழசாகிவிட்ட பேனசோனிக் ஜிஎச்5-ம் 10-பிட் எழுதும். ஆனால் 10-பிட் ஃபைல்களை உங்கள் ஐந்து வருஷ ஆபீஸ் லேப்டாப் திறக்குமா என்று முதலில் பாருங்கள். பலர் கேமரா வாங்கிய பிறகுதான் லேப்டாப்புக்கும் சேர்த்துப் பணம் தேட வேண்டியிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

அப்புறம் வெயில். நடுப்பகலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100, எஃப் 16 என்பது ஃபிலிம் காலத்து விதி. வீடியோவுக்கு 1/50 வேண்டும் என்பதால் எஃப் 22 ஆகிவிடும். பின்னணி மங்கலாகத் தெரிய எஃப் 2.8-க்கு இறங்க நினைத்தால் ஆறு ஸ்டாப், அதாவது 64 மடங்கு வெளிச்சத்தைத் தடுக்க வேண்டும். லாக் முறையில் எடுத்தால் இன்னும் மோசம். எஃப்எக்ஸ்30-ல் எஸ்-லாக்3-ன் அடிப்படை ஐஎஸ்ஓ 800. இன்னும் மூன்று ஸ்டாப் சேரும். மொத்தம் 512 மடங்கு! கேமராவுக்குக் கூலிங் கிளாஸ் மாதிரி மாட்டும் என்டி ஃபில்டர் இல்லாமல் திருப்பதியில் பகலில் சினிமா மாதிரி எடுக்க முடியாது. ஷட்டரை 1/2000-க்கு ஏற்றிச் சமாளித்தால் ஆட்டம் வெட்டி வெட்டித் தெரியும். என்டி ஃபில்டரைப் பட்ஜெட்டில் எழுதாதவர்கள்தான் அதிகம்.

சூடு விஷயத்துக்குத் திரும்பினால், எஃப்எக்ஸ்30, எஃப்எக்ஸ்3, பேனசோனிக் எஸ்5 II போன்றவற்றின் உள்ளே மின்விசிறி இருக்கிறது. மின்விசிறி இல்லாத சின்ன கேமராவில் 4கே ஓட விட்டு வெயிலில் நிறுத்தினால் எச்சரிக்கை காட்டி அணைந்துவிட வாய்ப்பு அதிகம். திரையைப் பாடியிலிருந்து விலக்கித் திறந்து வையுங்கள். குடை பிடிக்க ஒரு ஆள் வையுங்கள். ஷாட் இல்லாத நேரம் அணைத்துவிடுங்கள். போனுக்குக் கவரைக் கழற்றுங்கள். அப்படியும் பிரச்சினை என்றால் 1080-ல் எடுங்கள். 'வழக்கு எண்' அதில்தான் எடுத்தது.

எட்டு மணி நேரம் என்றால் எத்தனை ஜிபி?

கூத்து இரவு பத்து மணிக்குத் தொடங்கி காலை ஆறுக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 4கே, 100 எம்பிபிஎஸ் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. எட்டு மணிக்கு 360 ஜிபி. ஐபோனில் புரோரெஸ் ஆன் செய்தால் 4கே-வுக்கு நிமிடத்துக்குச் சுமார் 6 ஜிபி. ஒரு மணி நேரத்துக்கே 360 ஜிபி! சோனியில் முழு இரவும் அடங்கும் இடத்தில் புரோரெஸில் கர்ண மோட்சத்தின் முதல் காட்சிகூட முழுசாக வராமல் போகலாம்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய கேனான் 7டி வாங்கப் போகிறீர்களா? ஒரு கிளிப் 4 ஜிபி, சுமார் 12 நிமிடத்தில் நின்றுவிடும். எழுதிய வசனம், சின்னச் சின்ன ஷாட் என்றால் அது பிரச்சினையே இல்லை. ஆட்டக்காரர் உங்களுக்காக நிற்கப்போவதில்லை என்பதால் கூத்துக்கு அது ஒத்துவராது. நிற்காமல் ஓடும் ஜிஎச்5 மாதிரி ஒன்று அங்கே நல்லது. அதன் ஆட்டோஃபோகஸ் சுமார், சென்சாரும் சின்னது. டிரைபாடில் நிறுத்தி, கையால் ஃபோகஸ் வைத்து, நல்ல லென்ஸோடு பயன்படுத்துகிறவருக்கு அது பெரிய குறையாகத் தெரியாது. கரண்ட் வயரிலோ பவர் பேங்கிலோ ஓடுமா என்றும் பாருங்கள். விடிகாலை நாலு மணிக்கு மாற்று பேட்டரி தேடி எங்கும் போக முடியாது.

சத்தத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது?

பம்பை அடிக்கும் இடத்தில் கேமராவின் சொந்த மைக் சிதறிவிடும். ஆட்டோ லெவலில் விட்டால் அடி விழும்போது எல்லாம் அமுங்கி, அடுத்த நொடி கூட்டத்தின் பேச்சு இரைச்சலாக ஏறும். இதற்கு இப்போது நல்ல விடை 32-பிட் ஃப்ளோட் ரெக்கார்டர்கள். ஜூம் எஃப்3, ஜூம் எச்1 எசென்ஷியல் போன்றவை அந்த வகை. லெவல் வைக்கவே தேவையில்லை, பிறகு எடிட்டிங்கில் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். மைக்கே தாங்காத சத்தத்தை எந்த ரெக்கார்டரும் மீட்காது, எனவே பம்பைக்காரரின் காலடியில் வைக்காதீர்கள். ரெக்கார்டரும் ஒரு காலர் மைக்கும் சேர்த்து மொத்தப் பட்ஜெட்டில் ஐந்தில் ஒரு பங்கு ஒதுக்குங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பார்கள். வசனம் கேட்கவில்லை என்றால் இருபதாவது நொடியில் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள்.

அனுமதி கிடைக்குமா என்பதும் கேமராவைத் தீர்மானிக்கும்

திருமலை கோயிலுக்குள் போன், கேமரா எதற்கும் அனுமதி இல்லை. மலையில் டிரோனும் கூடாது. ரீல்ஸ் எடுப்பவர்களை தேவஸ்தானம் எச்சரித்தும் இருக்கிறது. எனவே 'கோயில் வாசலில் ஒரு ஷாட்' என்று கதையில் எழுதாதீர்கள்.

சந்திரகிரி கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அவர்களின் நினைவுச் சின்னங்களில் கையில் பிடித்து எடுப்பது வேறு, டிரைபாட் நிறுத்துவது வேறு. டிரைபாட் என்றால் முன் அனுமதி வேண்டும். அங்கே கையில்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றால் பாடிக்குள்ளேயே ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதா என்பது பெரிய விஷயமாகிவிடும். எஃப்எக்ஸ்30-லும் ஜிஎச்5-லும் இருக்கிறது. இசட்வி-இ10-ல் இல்லை, படத்தை வெட்டிச் சுருக்கித்தான் ஆட்டத்தைக் குறைக்கும்.

சேஷாசலம் காட்டுக்குள் போவதற்கு வனத்துறை அனுமதி அவசியம். செம்மரக் கடத்தலைத் தடுக்கத் தனிப்படையே சுற்றும் காட்டில் இரவில் பையும் ஆளுமாகத் திரிந்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காட்டின் கதையான 'புஷ்பா'வே பெரும்பகுதி கோதாவரிப் பக்கம் மாரேடுமில்லியில்தான் எடுக்கப்பட்டது! டிரோன் ஆசை இருந்தால் ரேணிகுண்டா விமான நிலையம் எவ்வளவு பக்கம் என்று டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துவிடுங்கள்.

வாங்குவதா, வாடகையா?

கேமரா விலையை ஒரு நாள் வாடகையால் வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு விலை 80,000 ரூபாய், வாடகை நாளைக்கு 1,500 என்றால் 53 நாள். நீங்கள் வருஷத்துக்கு இரண்டு குறும்படம், ஒன்றுக்கு நாலு நாள் ஷூட் என்று வைத்தால் எட்டு நாள்தான். 53 நாளைத் தொட ஆறரை வருஷம் ஆகும். அதற்குள் அந்த மாடல் பழசாகிவிடும். வடபழனி, சாலிகிராமம் பக்கம் வாடகைக்கு எடுத்தால் போக வர ஒரு நாள் வாடகை சேரும், டெபாசிட் கேட்பார்கள். அதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். மாதத்துக்கு இரண்டு வாரக்கடைசி எதையாவது எடுக்கிறவர், அல்லது கல்யாண வீடியோ எடுத்துக் காசைத் திருப்புகிறவர் என்றால் கதை வேறு. அவர்கள் வாங்கலாம்.

முதல் படம் என்றால் என் யோசனை இது. இருக்கிற போனில் 25 ஃப்ரேம், 1/50 வைத்து, ரெக்கார்டரும் மைக்கும் மட்டும் சொந்தமாக வாங்கி ஒரு சின்னப் படம் முடியுங்கள். மைக் பத்து வருஷம் உழைக்கும். இரண்டாவது படத்துக்கு 10-பிட் கேமராவை வாடகைக்கு எடுங்கள். எந்த பட்டன் உங்கள் விரலுக்கு இடைஞ்சல் என்பது அப்போதுதான் தெரியும். மூன்றாவதில் வாங்குங்கள். முதலில் லென்ஸ், பிறகு பாடி.

புதிதாக வாங்கினால் 18 சதவீத ஜிஎஸ்டி. பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் வாரன்டி போச்சு. செகண்ட் ஹேண்ட் என்றால் எச்டிஎம்ஐ, மைக் ஓட்டைகளில் வயரைச் சொருகி ஆட்டிப் பாருங்கள். வெள்ளைச் சுவரை எஃப் 16-ல் ஒரு போட்டோ எடுத்து சென்சாரில் புள்ளி இருக்கிறதா பாருங்கள். அரை மணி நேரம் 4கே ஓட விடுங்கள்.

எதை எடுத்தாலும், ஷூட்டுக்கு முந்தைய வாரமே அதே கோயில் தெருவுக்கு, அதே நேரத்துக்குப் போய்ப் பத்து நிமிடம் எடுத்து, லேப்டாப்பில் பெரிதாக்கிப் பாருங்கள். பட்டை ஓடுகிறதா, சிவப்பு எகிறுகிறதா, மைக் சிதறுகிறதா? பட்டை ஓடினால் கோயில் கமிட்டிக்காரரிடம் எந்த லைட் போடப்போகிறார்கள் என்று பேச உங்களுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கும்.